ஒரு பெட்டிக்கு இரண்டு செக்கன்

வீட்டில் ஓடும் மாதிரி ரயிலை எவ்வளவு கதியில் ஓட்டலாம்?

(நூற்றாண்டு உரைத்தொடரில், உயர்தர வகுப்பு மாணவியருக்கும் பழைய மாணவிகளுக்கும் கல்லூரி மண்டபத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



இந்த உரைத்தொடரில் எனக்கு முன் பேசியவர்கள் பெண்கல்வி, மருத்துவம், சட்டம் என்று கனதியான பொருள்களை எடுத்துக்கொண்டார்கள். நான் விளையாட்டு ரயிலைப் பற்றிப் பேசப் போகிறேன் என்று எழுதி அனுப்பியதும் சங்கச் செயலாளர் தொலைபேசி எடுத்து, "தலைப்புச் சரிதானே அக்கா?" என்று ஒருமுறை உறுதிப்படுத்திக்கொண்டார். சரிதான். முப்பது வருடம் கணிதம் படிப்பித்தவள் நான். ஓய்வு பெற்ற பிறகு, இங்கிலாந்தில் எங்கள் வீட்டின் கார் நிறுத்தும் அறையில், காரை வெளியே விட்டுவிட்டு, ஐந்து மீற்றர் நீளத்தில் ஒரு பலகை போட்டு, அதிலே ஒரு சின்ன ரயில் பாதை அமைத்திருக்கிறேன். அந்த ரயிலை எவ்வளவு கதியில் ஓட்டுவது என்பதுதான் இன்றைய பேச்சு. கொஞ்சம் கணிதம், கொஞ்சம் பௌதிகவியல், கடைசியில் கொஞ்சம் ஊர்க்கதை. பயப்பட வேண்டாம், பரீட்சை இல்லை.

முதலில் அளவிடையைச் சொல்லிவிடுகிறேன். லிவர்ப்பூல் நகரத்தவரான பிராங்க் ஹோர்ன்பி 1901ஆம் ஆண்டிலே மெக்கானோ என்று பின்னர் பெயர்பெற்ற இணைப்பு விளையாட்டுக்குக் காப்புரிமை பெற்றார். 1920இல் அவருடைய கம்பனி சாவி கொடுத்து ஓடும் ரயில்களை விற்கத் தொடங்கியது. 1938இல் மேசையிலே வைத்து ஓட்டக்கூடிய சிறிய ரயில்கள் ஹோர்ன்பி டப்ளோ என்ற பெயரில் வந்தன. பிரித்தானியாவிலே இன்றும் பெரும்பாலானோர் பாவிப்பது அந்த 'டபிள் ஓ' அளவைத்தான். உண்மையில் ஓர் அடி நீளமானது மாதிரியிலே 4 மில்லிமீற்றர். அதாவது 76.2 மடங்கு சிறியது. ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் 'எச் ஓ' என்ற 87 மடங்கு சிறிய அளவு பெருவழக்கு. நான் 'டபிள் ஓ'விலேயே கணக்குச் சொல்கிறேன். மற்ற அளவுகளுக்கு நீங்களே மாற்றிக்கொள்ளலாம்.

அந்தக் காலத்து விளம்பரப் படங்களில் மேசையைச் சுற்றி நிற்பவர்கள் பெரும்பாலும் தகப்பனும் மகனும்தான். கதியைக் கூட்டிக் குறைக்கும் குமிழ் மகனின் கையில் இருக்கும். தங்கை அந்தப் படத்தில் இருந்தால் அவள் பார்த்துக்கொண்டு நிற்பாள். இன்றைக்கு அந்தக் குமிழை உங்கள் கையில் தருகிறேன். ஆனால் தந்தவுடன் முழுவதும் திருப்பிவிடாதீர்கள்.

ஏனென்றால் எல்லோரும் செய்கிற காரியம் அதுதான். குமிழை முழுவதும் திருப்பினால் சாதாரண எஞ்சின் ஒன்று ஒரு மீற்றர்ப் பாதையை ஒரு செக்கனில் ஓடிவிடும். ஒரு செக்கனுக்கு ஒரு மீற்றர் என்பது மணித்தியாலத்துக்கு 3.6 கிலோமீற்றர், நாம் நடக்கிற வேகம். 'அது என்ன பெரிய வேகம்?' என்று தோன்றும். ஆனால் அந்தப் பாதையின் ஒரு மீற்றர் உண்மையில் 76.2 மீற்றர். 3.6ஐ 76.2ஆல் பெருக்கிப் பாருங்கள். மணிக்கு 274 கிலோமீற்றர்! 1964இல் ஜப்பானில் முதல் ஷின்கான்சென் ரயில் ஓடத் தொடங்கியபோது அதன் உச்சக் கதி மணிக்கு 210 கிலோமீற்றர். நீராவி எஞ்சின்களில் உலக சாதனை 1938 ஜூலை 3ஆம் திகதி இங்கிலாந்தின் மல்லார்ட் எஞ்சின் நிலைநாட்டியது. மணிக்கு 126 மைல், அதாவது ஏறக்குறைய 203 கிலோமீற்றர். எங்கள் மேசையிலே கரி இழுக்கிற குட்டி எஞ்சின் ஒன்று அந்த இரண்டையும் முந்திக்கொண்டு போகிறது.

இங்கே ஒரு சூத்திரம் கிடைக்கிறது. 274ஐ, ஒரு மீற்றரைக் கடக்க எடுத்த செக்கன்களால் வகுத்தால், அளவிடைப்படியான கதி மணிக்கு இத்தனை கிலோமீற்றர் என்று வரும். 3 செக்கன் என்றால் 91. 5 செக்கன் என்றால் 55. 7 செக்கன் என்றால் 39. 10 செக்கன் என்றால் 27. ஷண்டிங் செய்யும்போது எஞ்சினுக்குப் பக்கத்தில் ஒரு மனிதர் நடந்து வருவார். அந்த நடைவேகம் மணிக்கு 5 கிலோமீற்றர் என்றால், ஒரு மீற்றரைக் கடக்க 55 செக்கன் ஆகவேண்டும். கிட்டத்தட்ட ஒரு நிமிடம்! முதல்முறை அப்படி ஓட்டிப் பார்க்கிறவர்களுக்கு எஞ்சின் பழுதாகிவிட்டதோ என்று சந்தேகம் வரும்.

இங்கே ஒரு பிள்ளை கையை உயர்த்திக் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு. நீளம், அகலம், உயரம் எல்லாம் 76 மடங்கு சிறியதானால் நேரம் எத்தனை மடங்கு சிறியதாக வேண்டும்? விடை: நேரம் சிறியதாவதில்லை. பலகைக்கு முன்னால் நிற்கிற மனிதரின் கண்ணும் நெஞ்சும் சிறியதாகவில்லை. அவருடைய கடிகாரமும் அதேதான். ஆகவே உண்மையான ரயிலின் பெட்டியொன்று ஒரு கம்பத்தைக் கடக்க எவ்வளவு நேரம் எடுக்குமோ, மாதிரிப் பெட்டியும் மாதிரிக் கம்பத்தைக் கடக்க அதே நேரம்தான் எடுக்க வேண்டும்.

இதிலிருந்து கணக்குக் கருவி தேவைப்படாத ஒரு முறை பிறக்கிறது. பயணிகள் பெட்டியொன்றின் நீளம் சாதாரணமாக 20 மீற்றர் அளவில் இருக்கும். ஒரு பெட்டி ஒரு செக்கனில் கடந்தால், செக்கனுக்கு 20 மீற்றர், மணிக்கு 72 கிலோமீற்றர். இரண்டு செக்கன் என்றால் 36. மூன்று செக்கன் என்றால் 24. நான்கு என்றால் 18. இது மேசையிலுள்ள 26 சென்ரிமீற்றர்ப் பெட்டிக்கும் பொருந்தும், புகையிரத நிலைய மேடையில் நீங்கள் நின்று பார்க்கிற பெட்டிக்கும் பொருந்தும். எந்த அளவிடைக்கும் பொருந்தும். வாயால் 'ஒன்று... இரண்டு...' என்று எண்ணத் தெரிந்தால் போதும்.

அப்படியானால் எந்தக் கதி சரி? உண்மையான பாதைகளில் எந்த ரயில் எவ்வளவு கதியில் ஓடியது என்று பார்த்து அதன்படி ஓட்டுங்கள் என்பதுதான் வழமையான பதில். அது நல்ல பதில். உதாரணமாகப் பிரித்தானியாவில் 1896ஆம் ஆண்டின் இலகு புகையிரதச் சட்டத்தின் கீழ் அமைந்த சிறு பாதைகளில் மணிக்கு 25 மைலுக்கு மேல் ஓடக்கூடாது. இன்று உல்லாசப் பயணிகளுக்காக ஓடும் பழைய நீராவி ரயில்கள் பலவற்றுக்கும் அதே எல்லைதான். அது 40 கிலோமீற்றர். மாதிரியிலே மீற்றருக்கு ஏறக்குறைய 7 செக்கன். முழு நீளத்துக்கும் தொடர்ச்சியான பிரேக் இல்லாத பழைய சரக்கு ரயில்கள் அதிலும் மெல்லத்தான் போயின. அதிவேக ரயில்கள் மணிக்கு 100 கிலோமீற்றருக்கு மேலும் போயின.

ஆனால் வீட்டுப் பலகைக்கு இந்தப் பதில் மட்டும் போதாது. உண்மைப் பாதையில் இருக்கிற ஒரு பொருள் எங்கள் வீட்டில் இல்லை. அது தூரம்.

என்னுடைய ஐந்து மீற்றர்ப் பலகையில் இரு முனைகளிலும் ஒவ்வொரு மீற்றர் திரைக்குப் பின்னால் போய்விடுகிறது. ரயில்கள் காத்திருக்கிற மறைவிடம் அது. கண்ணுக்குத் தெரிவது மூன்று மீற்றர். உண்மையில் 229 மீற்றர். ஒரு நிலையம், ஒரு கடவை, நாலு பனை. அவ்வளவுதான். அதிலே ரயில் வந்து நிற்க வேண்டும், பிறகு புறப்பட வேண்டும்.

இப்போது நீங்கள் படித்த இயக்கச் சமன்பாட்டை எடுங்கள். பயணிகள் ரயிலொன்று ஆட்களைத் தள்ளிவிழுத்தாமல் நிற்பதற்கு, செக்கனுக்குச் செக்கன் அரை மீற்றர் அமர்முடுகல் என்று வைத்துக்கொள்வோம். மணிக்கு 60 கிலோமீற்றரில் வருகிற ரயில் நிற்பதற்கு 33 செக்கனும் 278 மீற்றரும் வேண்டும். மாதிரியிலே அது 3 மீற்றர் 65 சென்ரிமீற்றர். என் பலகையின் கண்ணுக்குத் தெரிகிற பாகம் முழுவதும் அதற்குப் போதாது! 40 கிலோமீற்றரில் வந்தால் 22 செக்கன், 123 மீற்றர், மாதிரியிலே 1 மீற்றர் 62 சென்ரிமீற்றர். 30 கிலோமீற்றரில் வந்தால் 17 செக்கன், மாதிரியிலே 91 சென்ரிமீற்றர். கதி இரண்டு மடங்கானால் நிற்கிற தூரம் நான்கு மடங்காகும் என்பது உங்களுக்குத் தெரிந்ததே.

ஆகவே என் விதி இதுதான். எஞ்சின் எவ்வளவு கதியில் ஓடக்கூடியது என்று கேட்காதீர்கள். அந்த ரயில் உண்மையில் எவ்வளவு கதியில் ஓடியது என்று மட்டும் கேட்டும் நிறுத்திவிடாதீர்கள். என் பலகைக்குள் மரியாதையாக நிற்கக்கூடிய கதி எது என்று கேளுங்கள். திரையை விட்டு வெளியே வருகிற இடத்திலிருந்து மேடையிலே நிற்கிற இடம் வரை என்னிடம் 2 மீற்றர் 20 சென்ரிமீற்றர் இருக்கிறது. 40 கிலோமீற்றரில் வந்தால் நாலு செக்கன் அதே கதியில் ஓடி, பிறகு 22 செக்கன் மெல்ல மெல்லக் குறைந்து நிற்கலாம். பெட்டிக்கு இரண்டு செக்கனுக்குச் சற்றுக் குறைவு. ஆகவே என் பாதையின் உச்சக் கதி 40. பெரிய மண்டபத்தில் இருபது மீற்றர்ப் பாதை வைத்திருக்கிற கழகத்தினர் 100இலும் ஓட்டட்டும். அது அவர்களுக்குச் சரி.

வட்டப்பாதை வைத்திருக்கிறவர்களுக்கு இன்னொரு கணக்கு உண்டு. கடையிலே பெட்டியில் வருகிற வளைவுத் தண்டவாளங்களில் 'இரண்டாம் ஆரை' எனப்படுவது 438 மில்லிமீற்றர். உண்மையில் அது 33 மீற்றர். எங்கள் மலையகப் பாதையின் மிகக் கூரான வளைவுகளின் ஆரை 5 சங்கிலி, அதாவது சுமார் 100 மீற்றர். அதிலேயே ரயில் எப்படி நெளிந்து நெளிந்து போகிறது என்று பதுளைக்குப் போனவர்கள் அறிவீர்கள். வீட்டு வளைவு அதிலும் மூன்று மடங்கு கூரானது. உண்மையான ரயிலை 33 மீற்றர் வளைவிலே போகவிட்டால், பயணிகள் சரியாதிருக்க மணிக்கு 20 கிலோமீற்றர் அளவிலேதான் போகவேண்டியிருக்கும்.

"ஆனால் என் ரயில் கவிழவில்லையே?" என்று கேட்பீர்கள். கவிழாது. ஈர்ப்பு மையம் தண்டவாளத்துக்கு 2 சென்ரிமீற்றர் மேலே இருக்கிறது என்று வைத்துக் கணக்குப் போட்டால், அந்த வளைவிலே அளவிடைப்படி மணிக்கு 350 கிலோமீற்றரைத் தாண்டினால்தான் அது கவிழும். கதியும் ஆரையும் 76 மடங்கு குறைந்தால் மையநோக்கிய ஆர்முடுகலும் 76 மடங்கு குறைந்துவிடுகிறது. புவியீர்ப்போ குறையவில்லை. ஆகவே மாதிரி ரயில் எந்தக் கதியையும் பொறுத்துக்கொள்ளும். பொறுத்துக்கொள்ளாதது பார்க்கிறவரின் கண். கவிழவில்லை என்பது சரியென்பதற்குச் சான்றாகாது.

இன்னொரு வேறுபாட்டையும் சொல்ல வேண்டும், ஏனென்றால் மெல்ல ஓட்டுவது ஏன் கடினம் என்பதற்கு விடை அதிலேதான் இருக்கிறது. நீளம் 76.2 மடங்கு குறைந்தால் கனவளவு அதன் மும்மடியால் குறையும், ஏறத்தாழ 4 இலட்சத்து 42 ஆயிரம் மடங்கு. 80 தொன் எஞ்சின் 180 கிராம் ஆகிவிடும். இயக்கச் சக்தியில் கதியின் வர்க்கமும் சேர்வதால் அது 257 கோடி மடங்கு குறையும். உண்மை ரயில், எஞ்சினை நிறுத்தினாலும் தன் திணிவின் பலத்திலே கிலோமீற்றர்க் கணக்கில் உருண்டு போகும். மாதிரி ரயிலுக்கு அந்தச் சடத்துவம் இல்லை. தண்டவாளத்திலே ஒரு தூசி இருந்து மின்சாரம் ஒரு கணம் தடைப்பட்டால் அந்த இடத்திலேயே நின்றுவிடும். வேகமாக ஓட்டினால் இந்தக் குறை தெரியாது. மெல்ல ஓட்டினால் எல்லாம் தெரியும். அதனால்தான் பலர் வேகமாக ஓட்டுகிறார்கள் என்பது என் எண்ணம். வேகம் அழுக்கை மறைக்கும்.

ஆகவே மெல்ல ஓட்ட விரும்புகிறவருக்கு முதல் வேலை துடைப்பது. தண்டவாளத்தின் மேற்பரப்பை ஐசோப்புரோப்பைல் அற்ககோலில் நனைத்த துணியால் துடையுங்கள். எஞ்சினின் சில்லுகளையும் துடையுங்கள். தண்டவாள இணைப்புகள் இறுக்கமாக இருக்கின்றனவா, பலகை மட்டமாக இருக்கிறதா என்று பாருங்கள். புதிய எஞ்சினை உடனே ஊரவிடாதீர்கள். முன்னோக்கி அரை மணித்தியாலம், பின்னோக்கி அரை மணித்தியாலம் நடுத்தரக் கதியிலே ஓடவிட்டு அதன் பற்சில்லுகளை இணங்கச் செய்யுங்கள்.

இரண்டாவது வேலை கையைப் பழக்குவது. ஓய்விலிருந்து புறப்படும்போது நிலையியல் உராய்வை வெல்ல வேண்டும். ஓடத் தொடங்கியதும் உராய்வு குறைந்துவிடும். அதனால் குமிழை மெல்லத் திருப்பத் திருப்ப ஒன்றும் நடக்காது, பிறகு திடீரென்று துள்ளும். துள்ளுவதற்கு முன்பே கை அதை உணர்ந்து சற்றுப் பின்வாங்க வேண்டும். இது தையல் இயந்திரத்தை மிதிக்கத் தெரிந்தவர்களுக்கு உடனே வரும். ஊசி முதல் தையலைக் குத்துவதற்குக் கால் எவ்வளவு மெல்ல அழுத்துகிறதோ அதேதான். இப்போது வருகிற 'டீ.சீ.சீ.' முறையில் எஞ்சினுக்குள்ளே ஒரு சிறு சில்லு இருந்து இந்த வேலையைச் செய்யும். அதிலே 2ஆம் இலக்கப் பெறுமானம் புறப்படும் வோல்ற்றளவு, 3ஆம் இலக்கம் ஆர்முடுகல், 4ஆம் இலக்கம் அமர்முடுகல், 5ஆம் இலக்கம் உச்ச வோல்ற்றளவு. ஐந்தாவதை ஒருமுறை சரியாக அமைத்துவிட்டால், குமிழை யார் முழுவதும் திருப்பினாலும் ரயில் 40ஐத் தாண்டாது. பேரப்பிள்ளைகள் உள்ள வீட்டுக்கு இது மிகவும் உகந்தது.

எதிர்த்தரப்பையும் கேட்க வேண்டும். என் பேரன் சொல்வான், "அம்மம்மா, உங்கட கோச்சி நித்திரை கொள்ளுது" என்று. பிள்ளைகளுக்கு வேகம் வேண்டும். அது நியாயமான ஆசை. அவனுக்கென்று தனியாக ஒரு வட்டப்பாதை தரையிலே போட்டுக் கொடுத்திருக்கிறேன். அதிலே ஷின்கான்சென்னையும் முந்தட்டும். இன்னும் சிலர் அளவிடைப்படியான கதிகூடக் கண்ணுக்கு வேகமாகத்தான் தெரிகிறது என்பார்கள். அதற்கும் காரணம் உண்டு. பலகைக்கு முன்னால் 60 சென்ரிமீற்றர் தள்ளி நிற்கிறவர், அளவிடைப்படி 46 மீற்றர் தூரத்தில், உயரமான மாடியிலே நிற்கிறவர் ஆகிறார். ஆனால் அவருடைய மனம் தான் ஏதோ மலையிலிருந்து பார்ப்பதாக நினைத்துக்கொள்கிறது. மலையிலிருந்து பார்க்கிற ரயில் ஊர்ந்துதான் போகும். கதிரையைப் போட்டு இருந்து, கண்ணைத் தண்டவாள மட்டத்துக்குக் கொண்டுவந்து பாருங்கள். கதி சரியாகிவிடும். அதேபோல எல்லாவற்றையும் ஊரவிடுவதும் பொய்தான். அதிவேக ரயில் மேடையில் நிற்காமல் போகிறதென்றால் அது போகத்தான் வேண்டும். சரக்கு ரயில் அதைவிட மெல்லப் போனால்தான் இரண்டுக்கும் உயிர் வரும்.

மெல்ல ஓட்டினால் செய்வதற்கு என்ன இருக்கும் என்ற கேள்விக்கு, இங்கிலாந்தின் பீற்றர் டெனி என்ற குருவானவரைச் சொல்வேன். பக்கிங்ஹாம் என்ற தம் பாதையைப் பல பத்தாண்டுகளாகக் கட்டினார். கற்பனையான அந்தக் கிளைப்பாதை நேர அட்டவணைப்படி ஓடியது. ரயில்கள் பெட்டி மாற்றின, எஞ்சின் திரும்பின, கைகாட்டிகள் விழுந்தன. அட்டவணை இருந்தால் மெதுவாக ஓடுவது வேலையில்லாமல் இருப்பதாகாது. ஊர்களுக்கிடையிலான தூரம் பலகையில் இல்லையே என்றால், கழகங்களிலே கடிகாரத்தை நாலு மடங்கு வேகமாக ஓடவிட்டு அட்டவணையைச் சமாளிப்பார்கள். கடிகாரம் ஓடலாம். ரயில் ஓடக்கூடாது.

ஒக்ஸ்ஃபோர்ட்ஷயரில் பென்டன் என்ற அருங்காட்சியகம் இருக்கிறது. அவுஸ்திரேலியாவிலிருந்து 1925இல் இங்கிலாந்துக்கு வந்த றோய் இங்லண்ட் என்பவர், அங்குள்ள பள்ளத்தாக்கின் கிராமங்கள் தம் கண்முன்னே மாறிக்கொண்டு போவதைக் கண்டு, அவற்றை அப்படியே சிறிதாகச் செய்து வைக்கத் தொடங்கினார். அங்கே போய் நின்றபோதுதான் என் பலகையின் கதிக்கு உண்மையான காரணம் எனக்கு விளங்கியது. இனி ஊர்க்கதைக்கு வருகிறேன்.

என் பலகையில் உள்ளது வடக்குப் பாதையின் ஒரு சிறு நிலையம். யாழ்தேவி 1956 ஏப்ரல் 23ஆம் திகதி ஓடத் தொடங்கியது. 1990இல் வவுனியாவுக்கு வடக்கே ரயில் நின்றுபோனது. போர்க்காலத்திலே பாதை நெடுகிலும் பல இடங்களில் தண்டவாளமும் சிலிப்பர் கட்டையும்கூட இல்லாமல் போயின. மறுபடி யாழ்ப்பாணத்துக்கு ரயில் வந்தது 2014 ஒக்ரோபர் 13ஆம் திகதி. காங்கேசன்துறைக்கு 2015 ஜனவரி 2ஆம் திகதி. இடையில் 24 வருடம். ஒரு தலைமுறை தன் ஊரிலே ரயிலைக் காணாமலே வளர்ந்தது. அதற்குள் ஊரை விட்டுப் போனவர்களின் பிள்ளைகள் இன்னும் காணவில்லை.

என் நிலையத்துக்குப் பெயர்ப்பலகை வைக்கவில்லை. வருகிறவர்கள் பார்த்துவிட்டு ஒவ்வொருவரும் ஒவ்வொரு பெயர் சொல்கிறார்கள். ஒருவர் மீசாலை என்பார். ஒருவர் கொடிகாமம் என்பார். இணுவில்தான் என்று சண்டை பிடித்தவரும் உண்டு. எங்களுடைய அகலப்பாதை 1676 மில்லிமீற்றர். 'டபிள் ஓ' அளவிடையில் அது 22 மில்லிமீற்றராக இருக்க வேண்டும். நான் பாவிப்பது கடையில் கிடைக்கிற 16.5 மில்லிமீற்றர்த் தண்டவாளம். எஞ்சினும் ஏதோ ஒரு பிரித்தானிய எஞ்சின். வர்ணம் மாத்திரம் எங்களுடையது. இவற்றை ஒருவரும் கவனிப்பதில்லை. ஆனால் ரயில் திரைக்குப் பின்னாலிருந்து வந்து, மெல்ல மெல்லக் குறைந்து, மேடையிலே நிற்கும்போது எல்லோரும் பேச்சை நிறுத்திவிடுகிறார்கள். கதி ஒன்றுதான் காசு கொடுத்து வாங்கத் தேவையில்லாத உண்மை. அதை உடல் ஞாபகம் வைத்திருக்கிறது.

ஒரு கணக்கோடு முடிக்கிறேன். குமிழை முழுவதும் திருப்பினால் கண்ணுக்குத் தெரியும் என் மூன்று மீற்றரை ரயில் மூன்று செக்கனில் கடந்துவிடும். நான் சொன்ன முறையிலே ஓட்டினால், வருவதற்கு நாலு செக்கன், நிற்பதற்கு 22 செக்கன், மேடையில் ஒரு நிமிடம், பிறகு மெதுவாக ஆர்முடுகிக் கடைசிப் பெட்டியும் திரைக்குள் மறைவதற்கு 33 செக்கன். மொத்தம் ஏறக்குறைய இரண்டு நிமிடம். மூன்று செக்கனில் ஒரு அம்மம்மா தன் பேரப்பிள்ளைக்கு என்ன சொல்ல முடியும்? "அந்தா!" என்று மட்டும் சொல்லலாம். இரண்டு நிமிடத்தில், விடியற்காலையிலே யார் யார் ஏறினார்கள், யார் பலகாரக் கடகத்தோடு வந்தார்கள், யார் வழியனுப்ப வந்து அழுதார்கள், யார் திரும்பி வரவேயில்லை என்று சொல்லிவிடலாம். எவ்வளவு கதியில் ஓட்டலாம் என்ற கேள்விக்கு என் விடை அதுதான்: பக்கத்தில் நிற்கிறவருக்கு ஒரு கதை சொல்லி முடிக்கிற கதி.

உயர்தரப் பிள்ளைகளுக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் விஞ்ஞான மன்றத்தினர் ஒரு நாள் பொறுப்பாசிரியையோடு புகையிரத நிலையத்துக்குப் போங்கள். மேடையிலே பாதுகாப்பான இடத்தில் நின்று, வருகிற ரயிலின் பெட்டிகள் ஒரு கம்பத்தைக் கடக்க எடுக்கிற செக்கன்களை எண்ணுங்கள். முதல் பெட்டிக்கு எத்தனை, கடைசிப் பெட்டிக்கு எத்தனை என்று எழுதுங்கள். அதிலிருந்து அமர்முடுகலைக் கணியுங்கள். நான் அரை மீற்றர் என்று வைத்துக்கொண்டது எங்கள் பாதைக்குப் பொருந்துகிறதா என்று கண்டுபிடித்து எனக்கு எழுதுங்கள். உங்கள் விடை வந்ததும் என் எஞ்சினின் நாலாம் இலக்கப் பெறுமானத்தை அதன்படி மாற்றிவிடுகிறேன்.